பாபின் டப்பாவில் பொத்தான்

அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நெற்றியில் ஈரத்துணியோடு இருட்டில் படுத்திருந்த தையல்காரி காதைத் தீட்டிக்கொண்டாள். மெஷின் அவளுடையது, மிதிப்பதோ வேறொரு கால்! இடப்பக்க மண்டைக்குள் ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் கசியும் வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்தியது, குமட்டியது. ஆனாலும் அந்தக் கடகட சத்தத்துக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்!

கிழிந்த தலையணை உறை தைத்துத் தொழில் தொடங்கியவள் அவள். இன்று அந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த துணி. முன்பெல்லாம் இந்த ஒற்றைத் தலைவலி எப்போதாவது வரும், போகும். இப்போது தினமும் விடிவதே வலியோடுதான். துணிகள் குவிந்தன. உதவிக்கென்று வந்து இறங்கினாள் நாத்தனார், கணவனின் அக்கா. அவள் வேலை பார்த்த தையல் கூடத்தை மூடிவிட்டார்களாம். மெஷின் பறிபோனவள் மெஷின் இருக்கும் வீட்டுக்கு வந்தால், கேட்கவா வேண்டும்?

"உங்க அக்கா என் மெஷின் மேல கண்ணு வெச்சிருக்காங்க" என்றாள் கணவனிடம்.

"உனக்குத் தலைவலியா, இல்ல தலையே சரியில்லையா?" என்று சிரித்தான் அவன். 'ரெண்டு பேரும் கூட்டு' என்று அதையும் மனதில் முடிந்துவைத்தாள்.

இன்று காலையில் சட்டை வாங்க வந்த டீச்சர் வேறு, "காலர் என்ன அழகா வந்திருக்கு!" என்று வயிற்றில் நெருப்பைக் கொட்டிவிட்டுப் போனாள். அது இவள் தைக்காத காலர்.

மெஷின் நின்றது. டப்... டப்... என்று வேறு சத்தம். எந்தத் தூக்கத்திலும் இவளுக்குத் தெரியும், அது மாத்திரை அட்டையைப் பிதுக்கும் சத்தம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். நாத்தனார் திடுக்கிட்டுக் கையை மூடிக்கொண்டாள். இவள் மெஷின் மேலிருந்த, நூல் சுற்றிய பாபின்களைப் போடும் டப்பாவைத் திறந்தாள். தைத்துக்கொண்டே போட்டுக்கொள்ள வசதியாக மாத்திரைகளை அதில்தான் பிரித்து வைப்பாள். வழக்கம்போலக் கண்ணை மூடி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

கடக்! துப்பினாள். சட்டைப் பொத்தான்!

"அடிப்பாவி! பொத்தானை முழுங்க வெச்சே என்னைக் கொன்னுட்டு மெஷின்ல உக்காரலாம்னு பாத்தீங்களா?"

நாத்தனார் கையை விரித்தாள். அத்தனையும் மாத்திரை. "குப்பையில போடத்தான் எடுத்தேன். டப்பாவுல பதிலுக்குப் பொத்தானைப் போட்டு வெச்சேன், அதைப் பாத்தா நீ சண்டைக்கு வருவே, அப்ப சொல்லலாம்னு நெனச்சேன். நீ பாக்காமலே வாயில போடுவேன்னு நெனக்கல. தப்புதான்."

"என் மாத்திரையை ஏன் குப்பையில போடணும்?"

"கூடத்துல நானும் இப்படித்தான் தினம் முழுங்கினேன். வலி மாத்திரையை அடிக்கடி போட்டா அதுவே தலைவலியைக் கொண்டுவரும்னு டாக்டர் சொன்னார். நிறுத்தினதும் கொஞ்ச நாள் வலி தாங்கல, அழுதேன். அப்புறம் குறைஞ்சுது. வராம இருக்க வேற மருந்து குடுத்தார். நேரத்துக்குச் சாப்பிடணும், தூங்கணும்னார்."

"அப்போ அந்தக் காலர்? என் பேரைத் தட்டிப் பறிக்கத்தானே தச்சீங்க?"

"நீ தச்சதுன்னுதான் டீச்சர்கிட்ட சொன்னேன். போய்க் கேட்டுக்கோ."

இவ்வளவு நல்லவளா? தையல்காரி நம்பவில்லை. நாத்தனார் கட்டி வைத்திருந்த தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

"வேற கூடத்துல கூப்பிட்டிருக்காங்க, போறேன். என்னைப் பாத்துப் பாத்தே நீ தலைவலியை ஏத்திக்கறே." வாசலில் நின்று, பாதி பிதுக்கிய அட்டையை நீட்டினாள். "இந்தா, உன்னோடது. உன்னைக் கேக்காம தொட்டிருக்கக் கூடாது. ஆனா டாக்டர்கிட்ட போனா, தினம் முழுங்கறதை ஒளிக்காம சொல்லு."

தையல்காரி அட்டையை வாங்கினாள். நாத்தனாரின் முகத்தில் பொய்யைத் தேடினாள், கிடைக்கவில்லை. இத்தனை மாத்திரை போட்டும் வலி விட்ட நாள் ஒன்றாவது உண்டா என்று தேடினாள். அதுவும் கிடைக்கவில்லை. கண் கலங்கியது.

"நிறுத்தினா படுத்துருவேனே... துணியெல்லாம் யாரு தைக்கறது?"

"கூப்பிடு. வரேன்."

தையல்காரி அட்டையை நாத்தனாரின் பையிலேயே திணித்தாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன். படுத்தா கூப்பிடுவேன், வாங்க. ஆனா காலர் மட்டும் நான்தான் தைப்பேன்."

நாத்தனார் சிரித்தபடியே படியிறங்கினாள். வெளிச்சம் கண்ணில் படாமல், தையல்காரி கதவைச் சாத்தினாள்.