நான்கு முறை செத்துப் பெண் கட்டிய தம்பி

இந்த நினைவு மலரில் தம்பியை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். அக்கா நான் முதுகில் அறைந்து வளர்த்த பையன். சரி, ஒரு வருஷ நினைவு நாளிலாவது அவருக்கு அந்த மரியாதை கிடைக்கட்டும்.

ராமநாதபுரம் சீமையில் பிறந்தவர். அப்பாவோடும் என்னோடும் கப்பலேறி அந்தமான் வந்து, பெரார்கஞ்சில் மரம் அறுக்கும் மில்லில் சேர்ந்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் நாடகத்தில்தான்.

வெள்ளைக்கார ஆபீசர் விட்டுப்போன ஒரு புத்தகத்தை மில் கணக்குப்பிள்ளை படித்துக் கதை சொன்னார். இங்கிலாந்தில் டியூக் என்று ராஜாவுக்கு அடுத்த பெரிய பிரபுக்களாம். ஒரே குடும்பத்தில் அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நான்கு டியூக்குகள். முதலாமவருக்கு அரண்மனை கொடுத்த ராஜாவே தலையையும் வாங்கிவிட்டார். இரண்டாமவர் குதிரையிலிருந்து விழுந்தார். மூன்றாமவர் பாதிச் சொத்தைச் சூதாடித் தொலைத்து, மீதியை விருந்தாகத் தின்றே செத்தார். நான்காமவருக்குக் காய்ச்சல். அதை நாடகமாக்கியபோது, ஒரே குடும்பம், ஒரே முகஜாடைதானே என்று நால்வருக்கும் தம்பியே வேஷம் கட்டினார். மீசை மட்டும் மாறும்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அறுவடை முடிந்த வயலில் நாடகம். தம்பி அவ்வளவு தத்ரூபமாகச் சாவார். வினை அங்கேதான். முப்பது வயது தாண்டியும் பெண் அமையவில்லை. பார்க்க வந்த ஒரு வீட்டார், “நாலு வாட்டி செத்தவனுக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?” என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்து கராச்சர்மாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா வந்ததும் பொங்கலன்றுதான். முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் அப்பா திரைக்குப் பின்னால் ஓடினார்.

“டேய், இன்னிக்கு ஒரு நாளாச்சும் சாகாம இருடா!”

“மொத டியூக் சாகலேன்னா அடுத்த டியூக் எப்படிப்பா பட்டத்துக்கு வருவாரு?”

“வரவே வேணாம். மொத ஆளே நூறு வருஷம் இருக்கட்டும்.”

தம்பி அப்பா சொல்லைத் தட்டாதவர். கோடாரி மூன்று முறை இறங்கியது. மூன்று முறையும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜா வேஷக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“யோவ், தல போயிருச்சுல்ல, படுய்யா!”

“எங்க பரம்பரைக்குக் கழுத்து கெட்டி, மகாராஜா.”

பக்கத்து வயல் வங்காளியைத் தாதா என்போம், அவர்கள் பாஷையில் அண்ணன். அவருக்குத் தமிழ் தெரியாது. சாவு தெரியும். அவர் எழுந்து, “அரே, மர் ஜாவ் பாயி!” என்று கத்தினார். செத்துப்போப்பா என்று ஊரே சேர்ந்து கத்த ஆரம்பித்தது. அப்போதுதான் பெண்ணின் அப்பா எழுந்து கும்பிட்டார்.

“மாப்ளே, பெரிய மனசு பண்ணிச் செத்துருங்க! கராச்சர்மா பஸ் போயிரும்!”

எங்கள் அப்பா தாவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஊரே கேட்டுச்சு சம்பந்தி, மாப்ளேன்னு சொல்லிட்டீங்க!”

மேடையில் தம்பி முகம் மலர்ந்து தலையைக் கொடுத்தார். பத்தே நிமிஷத்தில் நான்கு டியூக்கும் காலி. பஸ்ஸும் கிடைத்தது. பெண்ணின் அப்பா வீட்டுக்குப் போனதும் மகள், “நல்லா நடிக்கிறாராப்பா?” என்று கேட்டதற்கு, “எல்லாம் வருது. சாக மட்டும் தெரியல” என்றாராம். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் நன்றாக வாழ்ந்தார்கள். போன வருஷம் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கண் மூடும்போதெல்லாம் என் தம்பி மனைவி அவர் காதில், “இருங்க, பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு” என்பாள். இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

ஜீப் கொடுத்தவர்களுக்கும், பாடை கட்டிய மில்காரர்களுக்கும், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. வங்காளி தாதாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாடை எடுத்த அன்று அவர் தம்பியின் கால்மாட்டில் நின்று, “உட்டோ பாயி, உட்டோ” என்று அழுதார். எழுந்திரு என்று அர்த்தம்.

தாதா, அன்று மேடையில் சாகச் சொன்னதற்கும் நன்றி, போன வருஷம் எழுந்திருக்கச் சொன்னதற்கும் நன்றி. முதல் தடவை மட்டும்தான் என் தம்பி உங்கள் பேச்சைக் கேட்டார்.