கொல்லனைக் கொன்ற வெர்னா

சூரியகாந்தி விதையை இடது கடைவாயில் ஒதுக்கி, பருப்பைத் தின்று, தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிவிட்டுத்தான் வெர்னா ஃப்ரீசன் மறுபடியும் பொத்தானை அழுத்துவார். ஒரு சாவுக்கு ஒரு விதை. டிவி விளையாட்டில் அவருடைய வீராங்கனை ஹெல்கா, கையில் வாளோடு, சேற்றில் முகம் புதையக் குப்புறக் கிடப்பாள். "சரி, எழுந்திரு தாயி. நீ படுத்துக்கிட்டா பாத்திரத்த யாரு கழுவுவா?" என்பார் வெர்னா. ஹெல்கா எழுவாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி செத்துவிடுவாள்.

இது நடப்பது பிராண்டன் நகருக்கு வடக்கே பள்ளிப் பேருந்துகள் நிற்கும் யார்டில், ஓட்டுநர்களின் ஓய்வறையில். காலைச் சுற்று ஒன்பது மணிக்கு முடியும். மாலைச் சுற்று இரண்டரைக்குத் தொடங்கும். நடுவில் பதினெட்டுப் பேருந்துகளும், எஞ்சின் உறைந்துவிடாமலிருக்க மூக்கில் மின்கம்பி செருகப்பட்டு, வெளியே வரிசையாக நிற்கும். ஓட்டுநர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தூங்கப் போவார்கள். மீதிப் பேர் ஓய்வறையில் காப்பியும் வம்புமாக உட்கார்ந்திருப்பார்கள். போன நவம்பரிலிருந்து அவர்களுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது: வெர்னா சாவதைப் பார்ப்பது.

அந்த விளையாட்டுப் பெட்டி ரோமெலுடையது. இருப்பவர்களில் இளையவன், இருபத்தொன்பது வயது. அப்பா அம்மா மணிலாவிலிருந்து வந்தவர்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. பொழுதுபோக வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓய்வறையின் பழைய டிவியில் மாட்டினான். பூதம், மந்திரம், இடிந்த கோட்டை என்று போகிற விளையாட்டு. அதைச் செய்தவர்களுக்கு மனிதர்கள்மேல் ஏதோ தீராத கோபம் இருந்திருக்க வேண்டும். எங்கே போக வேண்டும் என்று சொல்லாது. எதைத் தொடக் கூடாது என்றும் சொல்லாது. தொட்டபிறகு கொல்லும்.

மூன்று நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த வெர்னா நான்காம் நாள், "தம்பி, அத இங்க கொண்டா" என்றார்.

சிரித்தவர் கார்னெட் லாவலே. நாற்பது வருடம் நெடுந்தூர லாரி ஓட்டிவிட்டு, ஓய்வுபெற்றும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பள்ளிப் பேருந்துக்கு வந்தவர். அவர் வாய் ஓய்வு பெறவில்லை. "ஏம்மா, செல்போனுக்கு சார்ஜ் போடவே நீ ஆள் தேடுவ. உனக்கெதுக்கு பூதம், பிசாசெல்லாம்?"

"அந்தப் பிசாசுக்கு ஒன்னோட வாய் கிடையாதுய்யா. சமாளிச்சுக்குவேன்."

வீராங்கனையை உருவாக்கச் சொல்லி விளையாட்டு கேட்டபோது, இடுப்பு சிறுத்த அழகிகளை எல்லாம் தள்ளிவிட்டு, நரைத்த முடி, அகன்ற தோள், கொஞ்சம் தொப்பை என்று முக்கால் மணி நேரம் செதுக்கினார். அதுதான் ஹெல்கா. வெர்னாவுக்கு ஐம்பத்தேழு வயது. தலைமுடியைத் தாமே வெட்டிக்கொள்வார். பின்பக்கம் எப்போதும் ஒரு கோணல் இருக்கும். தூரத்துக் கண்ணாடிக்கு மேல் படிக்கும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, கன்ட்ரோலரை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிப்பார். ஹெல்கா வலது பக்கம் திரும்பினால் இவரும் நாற்காலியோடு வலது பக்கம் சாய்வார். எந்த அறைக்குள் நுழையும்போதும் முதலில் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம், அப்புறம் பின்னால். இருபது அடிக்கு ஒரு தடவை பின்னால். மற்ற புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடிச் சாவார்கள். வெர்னா எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுச் சாவார்.

கொல்லன் சமாசாரம் இரண்டாம் வாரம் நடந்தது. கோட்டை வாசலில் உலை வைத்திருக்கும் கிழவன் அவன். உலகத்திலேயே ஹெல்காவுக்கு உதவ இருந்த ஒரே ஜீவன். அவனிடம் போனால் வாளைத் தீட்டித் தருவான், கவசத்தைத் தட்டித் தருவான். பார்த்ததும் வெர்னாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எதிரே வருகிற ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிற பழக்கத்தில், வணக்கம் சொல்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்தினார். அது வாள் வீசும் பொத்தான். கிழவன் கடுப்பாகிச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பதறிப்போன வெர்னா இருக்கிற பொத்தானையெல்லாம் அழுத்தினார். கொல்லன் உலைமேலேயே சாய்ந்துவிட்டான்.



"அக்கா," என்றான் ரோமெல், துக்கம் விசாரிக்கிற குரலில். "அவன் திரும்பி வர மாட்டான். பழைய இடத்துக்குப் போய் மாத்தவும் முடியாது, நடந்தத எல்லாம் இது அப்பப்ப தானா எழுதி வெச்சுக்கும். புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்புதான். பேசாம முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுங்க."

"எதுக்கு?"

"கொல்லன் இல்லாம வாளைத் தீட்ட முடியாதுக்கா. கடைசி வரைக்கும் அந்த மொட்டை வாள்தான்."

"கொன்னது நான்தானே? அழிச்சிட்டு மறுபடி எழுதினா கொல்லலன்னு ஆயிடுமா? மொட்டை வாளோடயே போறேன்."

"பிடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று சொல்லி, கார்னெட் சுவரிலிருந்த நாள்பட்டியல் பலகையின் ஓரத்தில் சாவுக் கணக்குப் போட ஆரம்பித்தது அன்றுதான். ஐந்தைந்து கோடாகக் கட்டுவார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் நூற்று நாற்பது.

ஆனால் வெர்னா கற்றுக்கொண்டார். அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்பது இந்த விளையாட்டுக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு: ஊர் பேர் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். பாதி உண்மை, பாதி போக்கிரித்தனம். ஒரு மலை விளிம்பில், 'குதி, கீழே புதையல்' என்று இருந்தது. வெர்னா நம்பிக் குதித்தார். திரும்பி வந்து அதற்குப் பக்கத்திலேயே, 'புதையல் இல்லை. நான்தான் கிடக்கிறேன்' என்று எழுதினார். ஆயிரத்துச் சொச்சம் பேர் அதற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த ஆயிரம் பேரைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் தினமும் ஒருமுறை அந்த விளிம்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பிப்ரவரியில் பாஸ்டரிடம் வந்து சேர்ந்தார். பாஸ்டர் என்பது வெர்னா வைத்த பெயர். இரண்டு மாடி உயரப் பூதம், நீளக் கருப்பு அங்கி, கையில் தடிக்குப் பதிலாக ஒரு தேவாலய மணி. சின்ன வயதில் தன்னைப் பெஞ்சில் நிற்கவைத்த போதகரின் தாடை அப்படியே இருக்கிறதாம். அவனைச் சாய்த்தால்தான் கோட்டைக்குள் போகலாம். தீட்டிய வாளென்றால் முப்பது வெட்டில் சாய்வான். வெர்னாவின் மொட்டை வாளுக்குத் தொண்ணூறு. வெளியிலிருந்து இன்னொரு ஆட்டக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ள விளையாட்டே இடம் தருகிறது. ரோமெல் சொல்லிப் பார்த்தான்.

"வேணாம் தம்பி."

ஏன் வேண்டாம் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வெர்னாவின் முன்னாள் கணவர் ஹென்ரி கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை. "குடு, நான் பாத்துக்கறேன்" என்பார், அவ்வளவுதான். பனியில் வண்டி சிக்கினால் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொள்வார். ஜாடி மூடி இறுகிக்கொண்டால் ஜாடியை வாங்கிக்கொள்வார். வெர்னா பாதி நெம்பி, மூடி அசையத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் கை நீளும். இருபத்திரண்டு வருடத்தில் தான் தொடங்கிய எதையும் தன் கையால் முடித்ததாக வெர்னாவுக்கு நினைவில்லை. நாற்பத்துநான்கு வயதில் விலகி வந்து, அடுத்த மாதமே பேருந்து ஓட்டும் உரிமம் எடுத்தார்.

பாஸ்டரின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்ததும் அவர் தன்னந்தனியாகத்தான். மணி மேலே எழுந்ததும் எல்லோருக்கும் உடனே உருண்டு தப்பத் தோன்றும். உருண்டு முடிந்தபிறகுதான் மணி இறங்கும், சரியாகத் தலைமேல். வெர்னா எண்ணத் தொடங்கினார். பிள்ளைகள் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும்போது வாய்க்குள் எண்ணுவாரே, அதே எண்ணிக்கை. "நாலு எண்ணணும். மூணுல அசைஞ்சா செத்தோம்." அப்புறம் விலகி உருளக் கூடாது, அவனை நோக்கி உருள வேண்டும்.

"ஓடு தாயி, தள்ளி ஓடு" என்று பின்னாலிருந்து கார்னெட் கத்துவார்.

"ஐஸ்ல வண்டி எந்தப் பக்கம் வழுக்குதோ அந்தப் பக்கம்தான்யா ஸ்டீயரிங்கத் திருப்பணும். நாப்பது வருஷமா என்னத்த ஓட்டின?"

"அது ரோடு. இது பேய்வீடு."

"எல்லாம் ஒண்ணுதான். பயந்து எதிர்ப்பக்கம் ஒடிச்சவன் பள்ளத்துல கிடப்பான்."

மார்ச் மாதம் ரோமெலுக்கு வின்னிபெக் நகரப் பேருந்தில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலைச் சுற்றுதான் அவனுக்கு இங்கே கடைசி. அன்று மத்தியானம் பெட்டியோடு கிளம்புகிறான். வெர்னா சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். அதற்கு அவர், "வீட்ல சோபாவுல தனியா ஜெயிச்சா அது யாருக்குத் தெரியும்? இந்த ரூம்லதான் சிரிச்சீங்க. இந்த ரூம்லதான் அவனச் சாய்க்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சாய்ப்பேன்" என்றார். பலகையில் அப்போது முந்நூற்றுப் பதினாறு கோடுகள்.

வெள்ளிக்கிழமை ஒருவரும் வீட்டுக்குத் தூங்கப் போகவில்லை. யாரோ ஒரு ட்ரே நிறைய உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை கொண்டுவந்திருந்தார்கள், ரோமெலின் அம்மா ஒரு பெரிய தட்டு நூடுல்ஸ் அனுப்பியிருந்தார். பிரிவுபசாரம் என்று பேர், எல்லோருடைய கண்ணும் டிவியில். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் வெர்னா பத்தொன்பது முறை செத்தார். விதை துப்புவதைக்கூட நிறுத்திவிட்டார். இருபதாவது முறை ஏதோ ஒன்று கூடி வந்தது. நாலு எண்ணி உள்ளே உருண்டு, ஒரு வெட்டு, விலகல். நாலு எண்ணி உள்ளே உருண்டு, ஒரு வெட்டு, விலகல். பேராசைப்பட்டு இரண்டாவது வெட்டுக்குப் போகவே இல்லை. பாஸ்டரின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு பாதியானது. கால்வாசியானது. கார்னெட் சாப்பிடுவதை மறந்து எழுந்து நின்றிருந்தார். கோடு சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்தபோது, யார்டுக் கட்டுப்பாட்டாளர் ஆர்லீன் கதவைத் திறந்தார். அவர் பின்னாலேயே குளிர்காற்றும் வந்தது.

"எல்லா வண்டியும் கிளம்புங்க. மேற்கேர்ந்து புயல், ரெண்டு மணிநேரம் முன்னாடியே வருதாம். ஸ்கூலெல்லாம் இப்பவே விடறாங்க. வெர்னா, உன் ரூட்தான் நீளம். நீதான் முதல்ல."

நாற்காலிகள் நகர்ந்தன. வெளியே ஒவ்வொருவராகப் போய் மின்கம்பிகளைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. வெர்னா எழுந்து நின்றார், விளையாடிக்கொண்டே. குளிர்கோட்டின் கைகளை எப்போது மாட்டினார் என்று யாரும் பார்க்கவில்லை. இன்னொரு வெட்டு விழுந்தது. இன்னும் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும், அதற்குள் எதுவும் ஆகலாம். இந்த விளையாட்டை நடுவில் நிறுத்திவைக்கவும் வழியில்லை. வீடு பற்றி எரிந்தாலும் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மேற்கே நாற்பது கிலோமீட்டர், புயலுக்கு நேர் எதிரே, முப்பத்தோரு பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும்.

"வெர்னா" என்றார் ஆர்லீன் மறுபடியும், கெஞ்சுகிற மாதிரி.

"குடுங்கக்கா" என்று ரோமெல் கையை நீட்டினான். அவனுக்குத்தான் சுற்று இல்லை. "ரெண்டே அடி. நான் முடிச்சிடறேன். ஹெல்கா பேர்லதான் இருக்கும், நீங்க ஜெயிச்ச மாதிரிதான்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். நான்கு மாதம் கேலி செய்த கார்னெட்கூடக் கதவைப் பிடித்தபடி நின்று, "குடு தாயி" என்றார். "விட்டா போயிடும். குடு."

வெர்னா அந்த நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு கன்ட்ரோலரைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

திரையில் ஹெல்கா வாளைத் தாழ்த்தி அசையாமல் நின்றாள். மணி மேலே எழுந்தது. வெர்னா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உதடு மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைந்தது. மணி ஹெல்காவின் தலைமேல் இறங்கியபோது பைக்குள் கன்ட்ரோலர் கடகடவென்று அதிர்ந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, அந்த அதிர்வு ஓயும்வரை அப்படியே நின்றார்.

ஓய்ந்தபிறகு ஜிப்பைத் திறந்து, அதை எடுத்து ரோமெலின் கையில் வைத்தார். "இப்ப எடுத்துக்க, தம்பி."