பிளாரன்ஸ் மேட்ரன் கடற்கரையில கொடுத்த வாக்கு

எங்க மிஷன் ஆஸ்பத்திரி மொதல்ல எம்புட்டு இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பிய. பன்னெண்டு கட்டிலு. பதிமூணாவது ஆளு வந்தா, படுத்திருக்கவன்ல ஒருத்தன் சட்டுனு சொகமாகணும், இல்ல செத்துத் தொலையணும். மழை பெஞ்சா ஓட்டு ஒழுகி, டிரிப்ஸ் மேலயிருந்தே எறங்கும். இப்ப ஆறு மாடி. மேல நின்னா இலங்கையில துணி காயப்போட்டிருக்கது தெரியும்னு நான் அளந்து விட்டு, ரெண்டு பேரு நெசமாவே ஏறிப் பாத்துட்டு வந்து என்னைய ஏசுனானுவ.

கட்டுனது பெரிய டாக்டர் ஜேசுபாதம்னு கல்லுல வெட்டி வச்சிருக்கு. பொய்யில்ல, நல்ல மனுசன். ஊசி போடும்போதும் பிரசங்கம் பண்ணுவாரு. ஆனா ஆறு மாடிக்கும் சனத்தைக் கொண்டு வந்து நெரப்புனது பிளாரன்ஸ் மேட்ரன். ஆம்புலன்ஸ் ஓட்டுத எனக்குத் தெரியாதா?

மணப்பாட்டுக்காரி. நர்சா வந்தப்ப தொடப்பத்துக்குச் சேலை சுத்துன மாதிரி இருந்தாவ. ஆனா குரலு இருக்கே, மூணாவது மாடியில "ஏளா கிரேசி!"ன்னாவன்னா மார்ச்சுவரியில கெடக்கவனும் எந்திச்சு "என்னக்கா"ம்பான். முப்பது வருசத்துல மேட்ரன் ஆயிட்டாவ. டாக்டர்மாரே அவிய மொகத்தைப் பாத்துத்தான் லீவு கேப்பாவ.

அவியளுக்கு ஒரே ஒரு பிடிவாதம், சங்கு குளிக்கவனுவ. கம்ப்ரசர் ட்யூபை வாயில கடிச்சிக்கிட்டு அடியில ரொம்ப நேரம் கெடந்துட்டு, விசுக்குனு மேல வந்தான்னா ரத்தத்துல காத்து குமிழி கட்டி கைகால் விளங்காமப் போயிரும். கடற்கரையில அதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. அவன் இடுப்புல கயித்தைக் கட்டி மறுபடியும் கடலுக்குள்ள எறக்கிருவானுவ. கூட ஒருத்தன் முங்கி, பிடிச்சு, மெல்ல மெல்ல மேல ஏத்துவான். சிலவன் நடந்தே வீட்டுக்குப் போவான். சிலவன் அங்கனயே முடிஞ்சிருவான். மேட்ரனோட கூடப்பொறந்தவன் ஃபிராங்க்ளின் அப்படி முடிஞ்சவன்தான்.

அதுக்குத்தான் பிரஷர் சேம்பர் வேணும்னு பதினோரு வருசம் பெரிய டாக்டரை அரிச்சு எடுத்தாவ. வந்துச்சு. ரயில் டேங்கர் குட்டி போட்டாப்புல ஒரு இரும்பு உருளை. உள்ள ஆளைப் படுக்க வச்சு அழுத்தத்தை ஏத்துனா, கடலடிக்குக் கொண்டு போன மாதிரிதான், தண்ணி மட்டும் கெடையாது. அதை ஓட்டத் தெரிஞ்சவன் ஜெரால்டு ஒருத்தன்.

பெறவு ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் மேட்ரன் திரேஸ்புரம் கடற்கரைக்குப் போவாவ. நான்தான் வண்டி.

"ஏலே, இனி எவனையும் தண்ணிக்குள்ள எறக்கப்படாது. நேரா எங்கிட்ட கொண்டாரணும்."

சிலுவைன்னு ஒரு வாய்க்காரன் இருந்தான். "அந்த உண்டியலுக்குள்ள என்னையப் போட்டுட்டு சாவியைத் தொலைச்சிராதியக்கா!"

"ஒன் வாயைப் பூட்டத்தாம்லே அது வந்திருக்கு."

மொதல்ல மாதா மேல சத்தியம் பண்ணவனும் அவன்தான். ரெண்டு வருசத்துல ஒம்போது பேரு படுத்துக்கிட்டு வந்து நடந்து போனானுவ.

அப்புறம் ஜெரால்டு துபாய்க்குப் போயிட்டான். சேம்பர் பூட்டிக் கெடந்துச்சு. ஒரு நாள் என் வண்டியில வச்சே பெரிய டாக்டரும் மேட்ரனும் பேசுனாவ.

"சேம்பர் ஓடலன்னு கடற்கரையில சொல்லிரலாமா சார்?"

"அடுத்த மாசம் வேற ஆள் வந்துருவாரு சிஸ்டர். அதுக்குள்ள ஆஸ்பத்திரி பேரைக் கெடுக்கணுமா?"

"பேரு கெடக்கட்டும் சார். ஒரு தடவை கடலுக்கே போங்கலேன்னு சொல்லிட்டா, பெறவு ஒருத்தனும் இங்கன வரமாட்டான். அதுக்குத்தான் பயப்படுதேன்."

அந்த ஞாயித்துக்கெழமை சிலுவை கேட்டான், "உண்டியல் நல்லா இருக்கா அக்கா?"

"நல்லா இருக்குலே."

ஊருக்கே அளந்து விடுத என் வாயும் அன்னைக்குத் தொறக்கல.

மூணு வாரம் போகல. காலையில பத்து மணிக்கு போன் வந்துச்சு. போனா, சிலுவை மணல்ல கெடக்கான். இடுப்புக்குக் கீழ அசைவில்ல. அவன்கூட முங்குத டிக்சன் கயித்தோட நிக்கான். "எறக்கிருவோம்லே"ங்கான். சிலுவைதான் ஒத்துக்கிடல. "வேண்டாம்லே, மேட்ரன் அக்காட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

வண்டிக்குள்ள, "அண்ணாச்சி, காலைக் கரையிலயே வச்சிட்டு வந்துட்டமா, பாருங்க"ன்னான். நான் சிரிச்சேன். உண்மையைச் சொல்லி வண்டியைக் கடற்கரைக்கே திருப்பிருக்கலாம். திருப்பல.

கேட்டுல மேட்ரன் நின்னாவ. யாருன்னு பாத்ததும் அந்தக் குரலு எங்க போச்சோ, உதடு மட்டும் அசையுது. ஆக்சிஜன் மாட்டி, வேற ஊருல இருக்க சேம்பருக்கு எட்டு மணி நேரம் ஓட்டுனேன். அங்க எல்லாம் பண்ணிப் பாத்தாவ. காலு வரல.

கடலுக்குள்ள எறக்கிருந்தா நடந்திருப்பானா, செத்திருப்பானா? எந்த டாக்டரும் சொல்ல மாட்டாவ. அவன் பொண்டாட்டி டயானா மட்டும் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நல்லா இருக்குன்னு சொன்னியளேக்கா?"

மேட்ரனை நிர்வாகி ஆக்கணும்னு பெரிய டாக்டர் அப்பத்தான் பேப்பரு ரெடி பண்ணிருந்தாரு. இவிய மேட்ரன் வேலையையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, சாதா நர்சா மூணாவது மாடிக்குப் போயிட்டாவ. அதுக்கு முன்ன கடற்கரைக்குப் போயி, "சேம்பர் ஓடல. தெரிஞ்சேதான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன்"ன்னாவ. டிக்சன் கயித்தைச் சுருட்டி வள்ளத்துக்குள்ள போட்டுட்டுப் போயிட்டான்.

இப்ப சேம்பரை ஓட்ட ஜெமின்னு ஒரு பொண்ணு வந்திருக்கு. சேம்பர் ஜம்முனு ஓடுது. ஆளுதான் வரல. சிலுவை மூணாவது மாடியிலதான் கெடக்கான். முதுகுல புண்ணு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அவனைத் திருப்பிப் போடுதது பிளாரன்ஸக்கா. வேற யாரையும் விடமாட்டாவ. அவனும் இப்ப பகடி பேசுததில்ல.

போன மாசம் கடற்கரையில இன்னொருத்தனைக் கயித்துல எறக்கிட்டு, பெறவுதான் எனக்குப் போன் அடிச்சானுவ. சேதி தெரிஞ்சு அக்கா கீழ எறங்கி வந்து சேம்பர் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு நின்னிருக்காவ. சைரனுக்கு இனி வேலையில்ல, போடாமலே உள்ள வந்தேன். பாத்தாவ. கதவை மூடிட்டு மேல ஏறிட்டாவ. சிலுவையைத் திருப்பிப் போடுத நேரம்.