எட்டாவது படி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் கயிறு திரிக்கவில்லை. வேலை போனவனுக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். மணி 3.10. ஆபீஸில் நான் மட்டும்தான். மறுநாள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கன்டெய்னர் இமேஜ் பற்றி வகுப்பெடுக்க வேண்டும். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மென்பொருளையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒரே பெட்டியில் அடைப்பது. படிப்படியாக எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். சர்வரே அடைத்து, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியும் விடும். ஒவ்வொரு படியும் ஓர் அடுக்கு.

மேல் அடுக்கில் அழித்தாலும் கீழ் அடுக்கில் இருப்பது போகாது. இது தெரியாமல் போன வருடம் கடவுச்சொல் மாதிரியான ரகசியச் சாவி ஒன்றை உள்ளே வைத்து, அடுத்த படியில் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். எவனோ தோண்டி எடுத்துவிட்டான். கம்பெனி மானம் கப்பலேறியது.

என் சீனியரை எல்லோரும் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயம் வெளியே வந்த அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. எந்தப் படியை யார் எழுதினார்கள் என்று காட்டும் பதிவில், அந்தப் படியை எழுதியது அவர்தான் என்று மாற்றினேன்.

"யாருய்யா செஞ்சது?" என்றார் மேனேஜர்.

"தாடிதான் சார்."

அன்றே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் கதவு மூடும்போது தாடி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இரு தம்பி."

ஐந்தாவது வாரம், மாரடைப்பில் போய்விட்டார்.

அந்த ஞாயிறு, மணி 3.17. வகுப்புக்கான ஏழு படிகளையும் சர்வரில் ஓடவிட்டேன். ஐந்து... ஆறு... ஏழு. முடிந்தது.

படி 8.

நான் எழுதியது ஏழுதான். எண்ணிப் பார்த்தேன். ஏழேதான்.

எட்டாவது படி ஒரு ஃபைலை உள்ளே வைத்தது. அந்தப் பழைய பதிவு. நான் மாற்றுவதற்கு முன் இருந்தபடி. என் பெயரோடு.

நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

படி 9. நான் மாற்றிய தேதி, நிமிடம், நொடி.

பின்னால் தாடியின் காலி மேஜை. அதில் கீபோர்டே கிடையாது. ஆனால்... டக். டக். டக்.

நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன்.

படி 10. "தாடிதான் சார்..." ஸ்பீக்கரில் என் குரல்.

டக்.

படி 11. சாகும் முன் அவர் எனக்குப் போட்ட ஒன்பது போன். ஒவ்வொன்றையும் நான் துண்டித்த நேரம்.

டக்.

'அனுப்பியாகிவிட்டது.'

3.26. போன் அலறியது. மேனேஜர்.

"என்னத்தய்யா அனுப்பி வெச்சிருக்க? எல்லா கஸ்டமரும் கூப்பிடுறாங்க!"

"நான் அனுப்பலை சார்... தாடி..."

"செத்தவன் மேலயே மறுபடியும் பழியா? வெக்கமா இல்ல?"

வேலை போனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர் சொன்னதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்த சர்வர் ஓடுச்சா? சான்ஸே இல்ல தம்பி. அதை சனிக்கிழமையே கழட்டி ரிப்பேருக்கு என் வண்டியில ஏத்திட்டேன். மூணு நாளா டிக்கியிலதான் கிடந்துச்சு."