அண்ணைக்கு வந்தது சயரோகம் அல்ல

அண்ணைக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய மாதமே நான் அவருக்கென்று ஒரு கோப்பையையும் தட்டையும் பிரித்து வைத்துவிட்டேன். யாரும் சொல்லி அதைச் செய்யவில்லை. அவர் கலியாணம் செய்யாதவர். நாரந்தனையில் என் வீட்டின் பின்னறையில் இருந்தார். எழுபது தாண்டும்வரை கடலுக்குப் போன மனிதர், கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்செடுத்தார். உடம்பும் பாதியாகிவிட்டது.

எனக்கு அது சயரோகமாகவே பட்டது. ஆசுபத்திரியில் சளியைச் சோதித்துக் கிருமி இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. பேரப்பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம் என்று மகளுக்குச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, அண்ணைக்குச் சயம்போலக் கிடக்கு" என்றேன். தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்தவள் நான். என் சொல்லை ஊர் நம்பும். பின்னேரங்களில் அண்ணையோடு சீட்டுக்கடுதாசி விளையாட வரும் கூட்டாளிகள் இருவரும் வராமல் விட்டார்கள்.

"ஏன் அவங்களைக் காணேல்லை?" என்று கேட்டார்.

"வேலையாக்கும், அண்ணை."

பிறகு நெஞ்சில் நீர் கட்டியது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். ஊசியால் நீரை எடுத்தார்கள், சிறு சதைத்துண்டொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுமொழி வந்த அன்று ஓர் இளம் பெண் டாக்குத்தர் எங்களை இருத்திவைத்துக் கதைத்தார்.

"ஐயா, இளமையில என்ன வேலை செய்தனீங்கள்?"

"கடற்றொழில்தான்."

"அதுக்கு முதல்?"

அண்ணை யோசித்தார். "தெற்கில ஒரு கூரைச் சீற் தொழிற்சாலையில எட்டு வருசம் நிண்டனான். அஸ்பெஸ்டஸ் சாக்கை வெட்டிக் கலவைக்குள்ள கொட்டிற வேலை. தலைமயிரெல்லாம் வெள்ளையாப் போயிடும். கலவரத்தோட விட்டிட்டு வந்தனான். அது நாப்பது வருசத்துக்கு முந்தின கதையல்லோ, பிள்ளை."

"அந்தத் தூள்தான் ஐயா" என்றார் டாக்குத்தர். கண்ணுக்குத் தெரியாத அந்த நார்கள் மூச்சோடு உள்ளே போனால் கரைவதில்லையாம். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் போய்த் தங்கி, ஒரு குறியும் காட்டாமல் பல பத்து வருடங்கள் கிடந்து, புற்றுநோயை உண்டாக்குமாம். பெயர் மீசோதெலியோமா. மாற்ற ஏலாது, நோவையும் மூச்சுத் திணறலையும் குறைக்கலாம் என்றார்.

இவ்வளவையும் கேட்டபின் நான் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "அப்ப, எங்களுக்குத் தொத்தாதோ?"

டாக்குத்தர் என் பக்கம் திரும்பினார். "இல்லை அம்மா. இது ஒருத்தரிலயிருந்து ஒருத்தருக்குத் தொத்திற வருத்தமில்லை."

அண்ணை தலை குனிந்து சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்: "ஊருக்கு நீதானே சொன்னனீ?"

"ஓம்."

"அப்ப நீயே போய் இல்லையெண்டு சொல்லு. எனக்குக் கதைக்க ஆள் வேணும்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் போனேன். "சயம் இல்லையாம். ஆரோ கட்டின கதை" என்றேன். அதை அவவிடம் சொன்னவளே நான். அவ திரும்பிக் கோழிக்குத் தீன் போட்டா. அதற்குமேல் ஒரு வீட்டுப் படலையும் திறக்க எனக்குக் கால் வரவில்லை.

இரண்டு கிழமை பார்த்துவிட்டு அண்ணையே வெளிக்கிட்டார். நாலு வீடு தள்ளியிருந்த கூட்டாளியிடம், வேலிக்கு வேலி பிடித்து நின்று நின்று போனார். அன்று பின்னேரமே இருவரும் கடுதாசிக்கட்டோடு வந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது ஒருவர் கோபமாகக் கேட்டார்: "இந்தக் கதையை ஆரடா பரப்பினது?"

அண்ணை தன் கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தபடி, "ஆரோ தெரியாமல் சொல்லிப்போட்டினம். நீ விளையாடு" என்றார்.

நான் தட்டத்தை வைத்துவிட்டு உள்ளே போனேன். நாலு மாதம் அவர்கள் ஒருநாளும் தவறாமல் வந்தார்கள். அண்ணை செத்து இப்போது இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும்போது அவர்கள் இன்றைக்கும் என்னிடம், "அந்த மனிசனை நல்லாப் பாத்தனீர், தங்கச்சி" என்கிறார்கள். அந்தக் கதையைப் பரப்பியது நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.