பிறந்த நாளுக்குச் சாட்சி

பர்மாவில், தாமுவே பகுதியில் இருந்த சாரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. துண்டு துண்டாக ஒட்டிய ஒரு நீளத் தாள் அதை மூடியிருக்கும். அதில் பென்சிலால் ஓர் ஆங்கிலேயக் குடும்பம். அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நிலக்கிழார், அவருடைய பிள்ளைகள், யாருக்கு எந்தக் கிராமம் போனது, எந்த மகளோடு எந்த மாவு ஆலை சீதனமாகப் போனது. தாளின் அடியில், பர்மியப் பெண்ணை மணந்த ஒரு ரயில்வே அதிகாரி. அவர் சாரின் தாத்தா. அவருக்கும் மேலே இருந்த கூட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் வெற்றிடம். அதை நிரப்பத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியரான சார், இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டதால், வந்ததைப் படிக்கவும் பதிலைத் தட்டச்சு செய்யவும் நான் வாரம் இரண்டு மதியம் போவேன்.

அந்தக் காகிதங்களில் எனக்குப் பிடித்தது வயது விசாரணை. அப்போது பிறப்புப் பதிவு கிடையாது. நிலத்துக்கு வாரிசான பையனுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டதா என்று தீர்மானிக்கப் பன்னிரண்டு அயலார் வந்து, அவன் பிறந்த நாள் தங்களுக்கு எப்படி நினைவிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒருவர் அன்று குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாராம். இன்னொருவர் அன்றுதான் மகளைப் புதைத்தாராம். இதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். அதே முறிந்த கால் வேறு ஊர் விசாரணைகளிலும் வருகிறது, பொய்யாகவும் இருக்கலாம், ஆனால் பையனுக்கு நிலம் கிடைத்தது என்று சார் சிரித்தார்.

என் மகளுக்கு ஐந்து வயதானபோது அப்படியொரு விசாரணை எனக்கும் வந்தது. தாகேதாவில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் மருத்துவச்சி எழுதிக் கொடுத்த பிறப்புச் சீட்டு கூழாகிவிட்டது. வார்டு அலுவலகக் குடும்பப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்காமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள் நான்தான். பட்டியலில் பெயர் இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாது. உறவில்லாத இருவர் வந்து பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும் என்றார் வார்டு அதிகாரி.

எதிர்க்கடைக்காரரை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் உடனே ஒப்புக்கொண்டார். "ஒன்னய சைக்கா ரிக்சாவுல கொண்டாந்து எறக்குனத நாந்தானே பாத்தேன் தங்கச்சி. அன்னிக்குப் பேஞ்ச மழைல என் அரிசி மூட்ட பூரா நனஞ்சி போச்சு. மறக்குமா?" எனக்கோ அன்று வெயில் கொளுத்தியதாகத்தான் நினைவு. அவரையே அழைத்துப் போனேன்.

இன்னொருவர் சார். அவர் வீட்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் பிரசவ வலி கண்டது. சைக்கா பிடித்து ஏற்றி அனுப்பியது அவர்தான்.

காக்கா சொன்னதை எழுதிக்கொண்ட அதிகாரி, ஐந்து வருடம் ஆகியும் தேதி எப்படி இவ்வளவு உறுதியாக நினைவிருக்கிறது என்று சாரிடம் கேட்டார். சார் பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பொண்ணை அனுப்பிட்டுத் திரும்பினேன். இங்கிலாந்துலேர்ந்து தபால் வந்திருந்தது. படிச்சுச் சொல்ல ஆளில்லை, பூதக்கண்ணாடியை வச்சு நானே படிச்சேன். என் தாத்தா அந்தக் குடும்பத்து ஆள் இல்லைன்னு எழுதியிருந்தாங்க. அந்தத் தேதி எப்படி மறக்கும்?"

அதிகாரி முத்திரை குத்தினார். மகள் பெயர் பட்டியலில் ஏறியது.

சாரின் கடிதங்களையெல்லாம் அடுக்கி வைத்தவள் நான். அப்படி ஒரு கடிதத்தை நான் பார்த்ததே இல்லை. ஐந்து வருடம் அதை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டே கடிதம் எழுத வைத்தாரா? அல்லது அந்தப் பழைய சாட்சிகளைப் போல என் மகளுக்காக ஒரு காலை முறித்துக்கொண்டாரா? மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அந்த விசாரணைக்கு அடுத்த முறை சாரின் வீட்டுக்குப் போனபோது இயந்திரத்தில் தாளைச் செருகினேன். எல்லாக் கடிதமும் 'எங்கள் குடும்பத்தைக் குறித்து' என்றுதான் தொடங்கும். விரல் நின்றது. சார் காத்திருந்தார். வழக்கம்போலவே அடித்தேன்.