மகள் பேரில் ஒரு டொமைன்

இணையத்தளப் பெயர்களுக்குச் சட்டம் பார்க்கிற தொழிலில், மேலதிகாரியைவிடச் சொந்தக்காரருக்குத்தான் அதிகம் விளக்கம் சொல்ல வேண்டும். என்ன வேலை என்று கேட்டால் கல்யாண வீட்டில் முழிக்கிற சகபாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

மாமியின் கேள்வி

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கந்தோர். ஒரு டொமைன், அதாவது இணையத்தளப் பெயர், ஆர் பேரில் பதிந்திருக்கிறது, அந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா, விலாசம் சரியா என்று பார்ப்பேன். பிழை என்றால் பதினைந்து நாள் தவணை. திருத்தாவிட்டால் தளத்தை மூடிவிடுவோம். என்ன வேலை என்று கேட்ட மாமிக்கு இதையெல்லாம் மூச்சு வாங்க விளக்கிவிட்டு, காணி உறுதிப் பத்திரம் மாதிரித்தான் மாமி என்றும் சொல்லிப் பார்த்தேன். மாமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டா: "அப்ப வேலி எங்க புள்ள போடுற?"

வாகரை விலாசம்

ஒருநாள் என் பட்டியலில் எங்கள் கரையோரத்து வாகரை விலாசம் ஒன்று வந்தது. அட, நம்மட ஆக்கள் என்று சந்தோசமாகத் தளத்தைத் திறந்தேன். சுனாமி கொண்டுபோன பிள்ளைகளின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பேரும், என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று ஒரு வரியும். தளத்தின் பேர் வதனி. பதிவில் சொந்தக்காரர் பேரும் வதனி. முதல் படத்தில் ரெட்டைப் பின்னலோடு சிரிக்கிற எட்டு வயதுப் பிள்ளையும் வதனி. விதிப்படி பதினைந்து நாள் தவணை வைத்து மின்னஞ்சல் போட்டேன்.

மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. பதிவில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். பேசியது வதனியின் அப்பா, கடல் தொழில் செய்கிறவர். இல்லாத பிள்ளையின் பேரில் ஏன் பதிந்தீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? சுற்றிவளைத்துக் கேட்டேன். இதில் என்ன அதிசயம் என்பதுபோல் அவர் சொன்னார்: "நம்மட பக்கத்தில வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளைக்குத்தானே எழுதுற, மகள்? அவக்குக் குடுக்க எனக்கிட்ட வேற என்ன இரிக்கி?"

விதி

நான் குந்தியிருக்கிற முன்னறையே அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில்தான் இருக்கிறது. பதிவை வதனி பேரிலேயே விடச் சொல்லிக் கொழும்பில் இருக்கும் மேலதிகாரியோடு போனில் அரைமணி நேரம் சண்டை பிடித்தேன். மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படங்களை நானும் பார்த்தேன், தங்கச்சி. ஆனா உயிரோட இருக்கிற ஒரு ஆள்ட பேர் வேணும்."

காரணம்

தவணை முடிய இரண்டு நாள் இருக்க, நான் வரச் சொன்னபடி வதனியின் அப்பா அடையாள அட்டையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். தளத்தின் பேர் வதனிதான், அதை ஒருவரும் தொட மாட்டார்கள், சொந்தக்காரர் என்ற இடத்தில் மட்டும் உங்கள் பேர் வரும் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. புள்ளைக்குக் குடுத்ததைத் தகப்பன் திருப்பி வாங்குறதா என்று அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்த விண்ணப்பத்தைக் கிழித்தெறியலாம் போல எனக்குக் கோபம் வந்தது. கணினியில் இருப்பதை எப்படிக் கிழிப்பது?

வெளியே அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. "ஐயா, இந்த வீட்ட அம்மா எனக்குத்தான் எழுதினவ. இண்டைக்கும் கூட்டிப் பெருக்கி, கேற்றைப் பூட்டித் திறக்கிறது அவதான்" என்றேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சொந்தக்காரரை மாற்றுவதற்கான காரணம் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்த இடத்தில், அவர் சொன்னதைச் சொன்னபடியே பதிந்தேன்: "வீடு மகள்ட. நான் காவலுக்கு இரிக்கன்."

மறுநாளே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. வேலி எங்கே போடுகிறாய் என்று கேட்டீங்களே மாமி, வாகரையில் ஒன்று போட்டிருக்கிறேன்.